நான்கு இடங்களில் காணப்படும் வண்டு

என் கையெழுத்து பொடியாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும். நான் வேலை பார்த்த கல்லூரியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையில் விலாசம் எழுத என்னிடந்தான் கட்டாகக் கொடுத்தனுப்புவார்கள். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை ரைட்டர் தம்பி டைப் அடித்துச் சிரமப்பட வேண்டாம், தாளைக் கொடுத்தால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். அது முறையில்லை என்கிறீர்கள். சரி இன்ஸ்பெக்டர் சார், முறையென்றால் முறைதான். முறை தவறி நான் எதுவும் செய்ததில்லை.

பெயர் விஸ்வேஸ்வரன். வயது அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் சொந்த வீடு. மனைவி பெயர் ஜானு. வெளியே பெஞ்சில் ஃபைலோடு உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் வக்கீல் கிரிதர், ஜானுவின் அண்ணன் மகன். அவனை உள்ளே விட வேண்டாம். நான் பேசக்கூடாது என்பது அவனுடைய கட்சி.

முதலில் வண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை வண்டு என்றால் யாரும் நம்புவதில்லை, பார்த்தால் எறும்புதான். ஏழெட்டு மில்லிமீட்டர் நீளம். தலை கறுப்பு, கழுத்தும் வயிறும் சிவப்பு, வால் நுனி மறுபடி கறுப்பு. முதுகில் நீலப்பச்சையாக இரண்டு குட்டைத் தகடு, வளர்ந்த பையன் போட்டுக்கொண்ட பழைய சட்டை மாதிரி இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும். முழு நீள இறக்கையை மடித்து அந்தச் சட்டைக்குள்தான் ஒளித்து வைத்திருக்கும். புத்தகத்தில் ரோவ் வண்டு என்பார்கள், ஊரில் ஆசிட் பூச்சி என்பார்கள். கடிக்காது, கொட்டாது. வயலில் நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்று விவசாயிக்கு நல்லதுதான் செய்யும். வெளிச்சத்தைக் கண்டால் வரும். நசுக்கினால் மட்டும், அதன் ரத்தம் பட்ட இடம் மறுநாள் கோடு கிழித்ததுபோல் சிவந்து கொப்புளமாகும். உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுக்கொன்று அப்படியே இருக்கும். ஆண் வண்டைப் பிடித்து, ஊசி முனையால் அடிவயிற்றைப் பிரித்து, ஆணுறுப்பின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். மாப்பிள்ளை வகைப்பாட்டியல் ஆராய்ச்சி செய்கிறார் என்ற பெருமையில்தான் ஜானுவின் அப்பா எனக்குப் பெண் கொடுத்தார். நாள் முழுக்கக் குனிந்து நான் எதைப் பார்க்கிறேன் என்பது பாவம், அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஓய்வுபெற்ற வருஷம் கார்த்திகையில், திருமங்கலத்துக்கு மேற்கே சடச்சி கண்மாய்க் கரையில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது இந்த வண்டு கிடைத்தது. சாதாரண இனத்துக்கு அந்த உறுப்பின் நுனி நேராக இருக்கும். இதற்கு இடதுபக்கம் வளைந்திருந்தது. பதினேழு ஆண் வண்டைப் பிரித்தேன். பதினேழுக்கும் வளைவு. நான் எழுந்து அடுப்படிக்குப் போய் ஜானுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் உடம்பு சரியில்லாமல் இருந்த என் அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தாள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். முப்பத்திரண்டு வருஷம் நான் அடுத்தவன் பெயர் வைத்த பூச்சிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தவனின் பெயர், உலகம் உள்ளவரை அந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் நிற்கும். இதற்காக நான் எம்புட்டு ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஜானுவின் பெயரை வைக்கலாம் என்றேன்.

"இத்தன வருஷம் குடித்தனம் பண்ணதுக்கு ஆசிட் பூச்சிக்கு என் பேரா? ஒண்ணும் வேண்டாம், போங்க" என்றாள்.

அதனால் கண்மாயின் பெயரையே வைத்தேன். பெடரஸ் சடச்சி. பெடரஸ் என்பது இந்த வகை வண்டுக்கெல்லாம் உள்ள பொதுப் பெயர். அந்தக் கண்மாய்க்காரர்களுக்கு இந்த வண்டை முன்பே தெரியும். அங்கே நெல் போடும் அழகுபாண்டி என்பவர்தான் எனக்கு வரப்பு வரப்பாகக் காட்டினார். "இது சடச்சி எறும்பு சார். ஆத்தாளோடது. நாங்க நசுக்க மாட்டோம். மேல ஏறுனா ஊதிவிட்டா அது பாட்டுக்குப் போயிரும்" என்றார். அந்த ஊரில் ஒருவர் உடம்பிலும் கொப்புளம் வந்ததில்லை. இதையும் குறித்துக்கொண்டேன்.

கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, அதைப் படித்த நிபுணர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். ஒரே இடத்தில் மட்டும் கிடைத்தால் அது தனி இனமாகாது, ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஆறு விரல் இருப்பதுபோல உள்ளூர்க் கோளாறாகவும் இருக்கலாம், குறைந்தது நான்கு இடங்களில் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். நியாயமான கேள்விதான். நான் கோபப்படவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பதினோரு மாதம் தேடினேன். கண்மாய், வாய்க்கால், வாழைத்தோப்பு என்று நாற்பத்தாறு இடம் பார்த்தேன். எங்கே பிடித்தாலும் நேரான நுனிதான். அந்தப் பாழாய்ப்போன வளைவு சடச்சியை விட்டு ஒரு வரப்பு தாண்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல். சடச்சியில் பிடித்து வந்த ஐம்பது வண்டை ஈர மண்ணோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் டப்பாவில் ஒன்பதுதான் இருந்தது. மறுநாள் காலை ஜானு கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எட்டுக்கால் பூச்சி மோண்டிருக்கும் போல. எரியுது" என்றாள்.

பார்த்தேன். காதுக்குக் கீழே நாலு சென்டிமீட்டர் கோடு. எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், சொன்னால் டப்பாக்கள் எல்லாம் வாசலுக்குப் போய்விடும் என்று மூடிக்கொண்டேன். வண்டு பட்டால் தோலில் என்னென்ன மாறுதல் வரும் என்று கட்டுரையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியும் இருந்தது. ஆறு நாள் காலையில் ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இம்புட்டு அக்கறையா நீங்க என் கழுத்தப் பாத்ததில்ல" என்றாள் ஜானு. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து வீட்டு டியூப்லைட்டுக்குக் கீழே நாலு வண்டு பொறுக்கினேன். பிரித்துப் பார்த்தேன். வளைவு. எங்கள் தொழிலில் ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே விரல் நகத்தளவு சீட்டு ஒன்று குத்தி வைப்போம். இடம், தேதி, பிடித்தவர் பெயர், மூன்றே வரி. அந்தச் சீட்டில் பொய் எழுதுகிறவனை எங்கள் ஆட்கள் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே இமயமலையில் பிடித்ததாகச் சீட்டு எழுதி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சீட்டை எடுத்து எழுதினேன். திருநகர், தேதி, விஸ்வேஸ்வரன். மூன்று வரியும் சத்தியமான உண்மை. வண்டு அங்கே எப்படி வந்தது என்று கேட்க அந்தச் சீட்டில் நாலாவது வரி கிடையாது.

யோசித்துப் பார்த்தால், வண்டு எங்கே இருக்கிறதோ அதை எழுதுவதுதான் என் வேலை. இல்லாத இடத்தில் இருப்பதாக எழுதினால் தப்பு. இருக்க வைத்துவிட்டு எழுதினால் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு போகிறது, வைக்கோல் லாரியில் போகிறது. என் ஸ்கூட்டரில் போகக் கூடாதா.

மூன்றாவது இடம் வண்டியூர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் கை கழுவும் தண்ணீர் தேங்கி எப்போதும் ஈரம், முன்னால் வாசல் முழுக்க சீரியல் விளக்கு. வண்டின் வசதியைப் பார்த்துத்தான் எல்லா இடத்தையும் முடிவு செய்தேன், யார் மேலும் எனக்கு விரோதம் கிடையாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மொய்க்கவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், நூற்றிருபது வண்டை விட்டேன். மறுநாள் மாப்பிள்ளைக்கு இடது கன்னத்தில் ஒரு கோடு, பெண்ணுக்கு வலது கன்னத்தில் அதே நீளத்தில் ஒரு கோடு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மணமேடையில் அதைப் பார்த்தும் பாராததுபோல் நின்றிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது சிவனாண்டி.

சிவனாண்டி பசுமலை அடிவாரத்தில் அக்கி எழுதுகிறவர். உங்களுக்குத் தெரியாததில்லை, நம் ஊரில் கொப்புளம் வரிசையாக வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் அக்கி என்று சொல்லி மண்பானை செய்கிறவர்களிடம் போய்விடுவோம். காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் வரைந்து விடுவார். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, சோப்புப் போடக்கூடாது. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. வருகிறவர்களிடம் எந்த ஊர், எந்தத் தெரு, என்றைக்கு வந்தது என்று கேட்காமல் அவர் காவியைத் தொட மாட்டார். பல்கலைக்கழகத்தில்கூட இப்படிப் பரவல் கணக்கு எடுக்க ஆள் கிடையாது. நான் தினமும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

"என்னண்ணே, தெனமும் வாரீக. ஒங்களுக்கு எங்கனதான் அக்கி வந்திருக்கு? காட்ட மாட்டேங்குறீக" என்று கிண்டல் செய்வார்.

"எனக்கு வராது சிவனாண்டி. வந்தவர்களைப் பார்க்கத்தான் வருகிறேன்" என்பேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

நான்காவது இடத்துக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. வண்டு வந்துபோகிறது என்று காட்டினால் போதாது, அங்கே குடும்பம் நடத்துகிறது என்று காட்ட வேண்டும் என்று அந்த நிபுணர் மறுபடி எழுதிவிட்டார். அப்படியென்றால் முட்டை வேண்டும், புழு வேண்டும். பசுமலையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதி இருக்கிறது. பின்பக்கம் சமையலறைத் தண்ணீர் பாயும் வாழைப் பாத்தி. அரையாண்டுத் தேர்வு நேரம், படிப்புக்கூடத்தில் பன்னிரண்டு டியூப்லைட். ஜன்னலுக்கு வலை கிடையாது. இதைவிட நல்ல இடம் நான் நாற்பத்தாறு இடத்திலும் பார்க்கவில்லை. விடுதி வார்டன் ரெங்கம்மாளிடம், வாழைக்கு மண்புழு உரம் இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லி மூன்று மூட்டை கொண்டுபோய்ப் பாத்தியில் கொட்டினேன். மண்புழுவும் இருந்தது. வண்டு முந்நூற்று நாற்பது இருந்தது. ரெங்கம்மாள் எனக்கு மோர் கொடுத்தார்.

மொத்தம் அறுபத்திரண்டு பிள்ளைகள். பத்து நாளில் முப்பத்தெட்டுப் பேருக்குக் கோடு வந்தது. கழுத்து, முழங்கை மடிப்பு, கண்ணிமை. ரெங்கம்மாள் அக்கி பரவுகிறது என்று பயந்து, ஆறாறு பேராக ஆட்டோவில் ஏற்றிச் சிவனாண்டியிடம் கூட்டிவந்தார். நான் வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லப் போனால் அந்தப் பத்து நாளும் எனக்குப் பசியே தெரியவில்லை, அம்புட்டு சந்தோஷம்.

கடைசி ஆட்டோவில் வந்தவள் முனீஸ்வரி. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. வலது கண் வீங்கி மூடியிருந்தது. அவள்தான் விடுதியில் எல்லோரிடமும் நசுக்காதீர்கள், ஊதிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை பயத்தில் கழுத்தில் வைத்து நசுக்கிவிட, இவள் அதைத் தன் விரலால் துடைத்து எடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்து இவளுக்கும் அழுகை வந்து அதே விரலால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். அழகுபாண்டியின் மகள் அவள். எனக்கு அது அப்போது தெரியாது.

சிவனாண்டி காவியைத் தொடவில்லை. "கண்ணுக்கு நான் எழுத மாட்டேன் தாயி. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

"இது அக்கி இல்லண்ணே. எங்க ஊருல சடச்சி எறும்புன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பட்டுருச்சு. ஆனா அது எங்க கண்மாய விட்டு வெளிய வராதே. இங்க எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல" என்றாள் அவள்.

"எறும்பு பட்டா இப்படியா வீங்கும்" என்று ரெங்கம்மாள் நம்பவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "சார் காலேஜ்ல பூச்சிப் பாடம் எடுத்தவுக. அவுககிட்டயே கேப்போம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். கண்ணை நன்றாகக் கழுவி, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். ஆனால் வாழைப் பாத்தியில் கிடைத்த முட்டை, புழுவின் படங்களோடு கட்டுரை அந்த நிபுணரின் மேஜையில் கடைசிப் பார்வைக்கு இருந்தது. வண்டு என்று நான் சொன்னால் டாக்டர் வருவார், மாநகராட்சி வரும், மருந்தடிப்பார்கள், புழு எல்லாம் செத்துப்போகும், எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். "அக்கி மாதிரித்தான் தெரிகிறது. சூட்டுக் கட்டியாகவும் இருக்கலாம். விளக்கெண்ணெய் விடுங்கள்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் வாயால்தான் சொன்னேன், எழுத்தில் இல்லை.

ஒன்பது நாள் விளக்கெண்ணெய் விட்டார்கள். பத்தாம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. ஜானு பால் பாயசம் வைத்தாள். அன்றைக்குத்தான் முனீஸ்வரியை அவள் அப்பா தோல் டாக்டர் ராஜஸ்ரீயிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அம்மாள் கண்ணைப் பார்த்த உடனே பக்கத்திலிருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கூடவே போய் அந்தப் பிள்ளை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். எங்கள் கண்மாய்ப் பூச்சி, திருநகர் சார் ஒருத்தர் டப்பா டப்பாவாகப் பிடித்துக்கொண்டு போனார் என்று அழகுபாண்டியும் சொல்லியிருக்கிறார். பிறகு நீங்கள் வந்தீர்கள். வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, இனி வெளிச்சம் மட்டுந்தான் தெரியும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருத்தமாக இருந்தது. இப்போதும் வருத்தந்தான்.

இனி கிரிதர் ஏன் முறைக்கிறான் என்று சொல்கிறேன். விடுதியில் நீங்கள் பிடித்த வண்டுகளை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள். அங்கே யாரோ ஒரு சின்னப் பையன் உறுப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது நாடு முழுக்க வயலுக்கு வயல் கிடக்கும் சாதாரண வண்டு என்று ரிப்போர்ட் எழுதிவிட்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நேற்றுக் கிரிதர் என் வீட்டில் குதித்தான்.

"மாமா, கேஸ் முடிஞ்சிருச்சு. சாதாரண வண்டுன்னா மழைக்குத் தானா வந்திருக்கும். நீங்க கொண்டுவந்து விட்டீங்கன்னு ஒருத்தனும் நிரூபிக்க முடியாது. வாயத் தொறக்காம இருங்க, போதும்."

"அந்தப் பெண் சடச்சி வண்டு என்று சொல்கிறாளே" என்றேன்.

"ஒத்தக் கண்ணுப் பொண்ணு. எறும்பு எது, வண்டு எதுன்னு தெரியாம உளறுறான்னு அடிச்சிரலாம் மாமா."

விஷயம் உங்களுக்குப் புரிகிறதா, இன்ஸ்பெக்டர் சார். நான் குற்றவாளி இல்லை என்றால் அது சாதாரண வண்டு. அது சாதாரண வண்டு என்றால் பெடரஸ் சடச்சி என்று ஒன்று கிடையாது, என் பெயரும் கிடையாது. அது சடச்சி கண்மாயில் மட்டுமே இருந்த தனி இனம் என்றால், பசுமலைக்கு அதைக் கொண்டுபோன ஆள் நான் ஒருவன்தான். ஜானு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலையில் எழுந்து பார்த்தபோது அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆகவே என் சுய நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன், ரைட்டர் தம்பி இதை விடாமல் அடிக்கட்டும். திருநகரில் வண்டு வெளியேறியதும், வண்டியூர் மண்டபத்தில் நூற்றிருபது வண்டு விட்டதும், பசுமலை விடுதியில் முந்நூற்று நாற்பது வண்டைக் கொட்டியதும், முனீஸ்வரியின் கண் கெடுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். ஆய்வக ரிப்போர்ட் தவறு. மறு ஆய்வுக்கு அனுப்புங்கள், ஆண் வண்டாகப் பார்த்து அனுப்புங்கள். கோர்ட்டில் முனீஸ்வரியைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். இந்த உலகத்தில் என்னைத் தவிர அந்த வண்டைப் பார்த்ததும் தனி இனம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். கிரிதர் சொல்வதை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கண் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டை அடையாளம் காட்ட அது போதும்.